சேலம் ஜவ்வரிசி: நைலானா, மாவா?

சேலம் லீ பஜாரில் ஜவ்வரிசி கேட்டால் "நைலானா, மாவா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். இரண்டும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி மாவுதான். ஈர மாவைக் குலுக்கி உருட்டி, சூடான தட்டில் வறுத்துக் காயவைத்தால் மாவு ஜவ்வரிசி. ஆவியில் வேகவைத்துக் காயவைத்தால் கண்ணாடி மாதிரி நைலான். பாயசத்துக்கு நைலான், உப்புமாவுக்கும் வத்தலுக்கும் மாவு. மாற்றி வாங்கினால் சமையல் கெடும்.

2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய இந்தச் சரக்கின் தரம் கிழங்கு விளையும் காட்டிலேயே தொடங்குகிறது. இலை வெயிலில் செய்த சர்க்கரை சுக்ரோஸாகத் தண்டு வழியே கிழங்குக்கு இறங்குகிறது. அதை அப்படியே கரைசலாக வைத்தால் செல் தண்ணீரை இழுத்து வீங்கும். அதனால்தான் ஆயிரக்கணக்கான குளுக்கோஸைச் சங்கிலியாகக் கோத்து, கரையாத மாவுமணியாக அடுக்கி வைக்கிறது. பிடுங்கிய பிறகும் கிழங்கின் செல்கள் சுவாசித்துக்கொண்டே, சேர்த்ததைச் செலவழிக்கும். இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கருப்புக் கோடு ஓடிவிடும். ஆத்தூர்ப் பக்கம் சேகோ மில்கள், அதாவது ஜவ்வரிசி ஆலைகள், காட்டை ஒட்டியே இருப்பதற்கு இதுவே காரணம். பழைய கிழங்கில் மாவும் குறையும், நிறமும் மங்கும்.

அதற்காகப் பளீர் வெள்ளையைத் தேடிப் போகாதீர்கள். லேசான பழுப்பு கலந்த வெள்ளையே இயல்பு. மக்காச்சோள மாவு கலந்திருக்கிறதா என்று ஐயோடின் சொட்டு விட்டுப் பார்ப்பதும் வீண். எந்த மாவும் நீலமாகத்தான் மாறும். நுண்ணோக்கியில் வைத்தால் தெரியும்: குச்சிக்கிழங்கு மணி உருண்டையாக, ஒரு பக்கம் வெட்டிவிட்டது போல இருக்கும், மக்காச்சோள மணி பல கோணமாக இருக்கும்.

பாயசத்துக்கு 50 கிராம் நைலானை அரை மணி நேரம் ஊறவைத்து, 500 மில்லி தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு போடுங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உள்மாவு இன்னும் வேகவில்லை. ஏற்காட்டில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சில நிமிடம் கூட வையுங்கள். உப்புமாவுக்கு மாவு ஜவ்வரிசியை, மணி மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு நான்கைந்து மணி நேரம் ஊறவையுங்கள். விரலால் நசுக்கினால் பொடியாக வேண்டும். தண்ணீர் கூடினால் மேல்தோல் கரைந்து வாணலியில் ஒரே பசையாகிவிடும்.

உடம்புக்கு எப்படி? 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி. புரதம் அரை கிராம்கூடத் தேறாது. வெந்த மாவை எச்சிலும் கணையநீரும் சீக்கிரமே குளுக்கோஸாக அறுத்துவிடும். செல்லுக்குள் அது பைருவேட் என்ற சின்னத் துண்டுகளாக உடையும்போது கையில் நிற்பது 2 ஏடிபி (செல் செலவழிக்கும் சக்திக் காசு) மட்டுமே. செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் முழுதாக எரிந்தால்தான் மொத்தம் சுமார் 30 கிடைக்கும். அங்கே பைருவேட்டை, எரிவதற்கான அடுத்த வடிவமான அசிட்டைல் கோ-ஏ ஆக்கும் நொதி வைட்டமின் பி1 இல்லாமல் ஓடாது. மாவைப் பாலாகக் கரைத்து, வடிகட்டி, தெளியவைத்து எடுப்பதால் ஜவ்வரிசியில் பி1 அநேகமாக இல்லை. விறகு உண்டு, அடுப்பு மூட்டத் தீக்குச்சி இல்லை என்கிற கதை. இந்தப் பொருளின் பெரிய குறை இதுதான். குழந்தைக்கு ஜவ்வரிசிக் கஞ்சியையே மூன்று வேளையும் ஊட்டுவது தப்பு.

சரிசெய்வது சுலபம். உப்புமாவில் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, கஞ்சியில் பாசிப்பருப்பு சேருங்கள். பி1, புரதம் இரண்டும் வந்துவிடும். காய்ச்சலில் வாய்க்குப் பிடிக்காமல் கிடப்பவருக்கு நைலான் கஞ்சி நல்ல தேர்வு. வயிற்றுக்கு லேசு, தெம்பு சீக்கிரம் ஏறும். அதே வேகம் சர்க்கரை நோயாளிக்கு ஆகாது. அவர்கள் வாங்காமல் இருப்பதே நல்லது.