சக்கர நிப்பரோடு மூன்று வருடம்

போன வாரம் ஒரு தோழி கேட்டாள்: "வண்ணக் கண்ணாடியில மொசைக் பண்ணிப் பாக்கணும், கையில கொஞ்சம் காசுதான் இருக்கு. முதல்ல எதை வாங்கட்டும்?" அதே வாரம்தான் என் சக்கர நிப்பரில், அதாவது இரண்டு சிறு சக்கரங்களால் கண்ணாடியைக் கடித்து வெட்டும் இடுக்கியில், ஒரு திருகு மழுங்கிப்போய், அதைக் கழற்றப் பட்டறைக்கு அலைந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மொசைக் உண்மையிலேயே சிக்கனமான வேலை. ஈயப் பட்டை, செம்பு நாடா, பற்றவைக்கும் கோல் எதுவும் வேண்டாம். ஜன்னல் கண்ணாடி வேலைபோல ஒவ்வொரு துண்டும் நூல் பிசகாமல் பொருந்த வேண்டியதும் இல்லை. துண்டுகளுக்கு நடுவே உள்ள சந்துகளை கிரௌட் என்னும் சிமெண்ட் பூச்சு நிரப்பிவிடும். பெரிய வேலை செய்பவர்கள் ஒதுக்கிவைக்கும் வெட்டுத் துண்டுகளே முதல் வருடத்துக்குப் போதும். ஒரு மரப்பலகை, வெள்ளைப் பிவிஏ பசை, மணல் கலக்காத கிரௌட், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி. அப்புறம் வெட்ட ஒரு கருவி. நான் எடுத்தது சக்கர நிப்பர், கிடைத்ததிலேயே மலிவானது.

முதல் மாதம் அதைக் கீழே வைக்கவே மனம் வரவில்லை. கண்ணாடியின் ஓரத்தை மட்டும் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே கொடுத்து மெதுவாக அழுத்தினால் போதும், சக்கரம் பார்க்கும் திசையில் விரிசல் ஓடி, சில்லு கையில் விழும். கோடு கிழிக்க வேண்டாம், அளவுகோல் வேண்டாம். சதுரத்தின் நான்கு மூலைகளைக் கடித்து, மறுபடி சுற்றிச் சுற்றிக் கடித்தால் வட்டம். முதன்முதலாக ஓர் இலை வடிவம் வந்தபோது அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆறேழு மாதத்தில் அது மாறியது. நேராக உடைய வேண்டிய கண்ணாடி மூன்றாகப் பிளந்தது. ஓரமெல்லாம் பொடிந்தது. இன்னும் பலமாக அழுத்த வேண்டியிருந்தது, மணிக்கட்டு வலித்தது. கண்ணாடி மட்டமோ, என் கை சரியில்லையோ என்று நினைத்தேன். ஒரு வருடம் இப்படியே போனது. அதற்குள் ஒரு சிவப்புத் தகடு முழுவதும் பாழ். சிவப்பு, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு எல்லாம் மற்ற நிறங்களைவிட விலை அதிகம். அந்த நிறங்களுக்காகச் சேர்க்கும் செலினியம், காட்மியம், சிலவற்றில் தங்கம்கூட, அவ்வளவு சும்மா கிடைப்பதில்லை. பச்சையாக இருந்திருந்தால் இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

காரணம் என்ன தெரியுமா? அந்தச் சக்கரங்கள் வேலை செய்யும்போது சுழல்வதே இல்லை. திருகு போட்டு அசையாமல் இறுக்கியிருக்கிறார்கள். அதனால் கண்ணாடியைத் தொடுவது எப்போதும் விளிம்பின் ஒரே புள்ளி. அந்தப் புள்ளி மழுங்கியதும் ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) திருகைத் தளர்த்தி, இரண்டு சக்கரங்களையும் துளி நகர்த்தி, மறுபடி இறுக்க வேண்டும். கார்பைடு என்னும் கடினப் பொருளால் ஆன விளிம்பில் புது இடம் வந்துவிடும். மார்க்கரால் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டால் எங்கே தொடங்கினோம் என்று தெரியும், ஒரு முழுச் சுற்று முடிய நெடுநாள் ஆகும். இவ்வளவுதான். இதைச் சொல்லும் ஒரு வரி, ஒரு துண்டுச் சீட்டு, எதுவும் பெட்டியில் இல்லை. இன்னொரு மொசைக்காரர் என் கையைப் பார்த்துவிட்டுச் சொல்லித்தான் தெரியும்.

நகர்த்திய அன்று அது மறுபடி புது நிப்பர்தான். பழைய ஒலி, பழைய சுத்தமான ஓரம். அதை நான் மறைக்க மாட்டேன். அதற்குப் பிறகு செய்த மேசைப் பலகை, இரண்டு கண்ணாடிச் சட்டங்கள், ஒரு பறவை எல்லாமே இதில் வெட்டியவைதான். ஆனால் திருகின் உலோகம் மெத்தென்று இருக்கிறது. இந்த முறை நகர்த்தப் போனபோது ஆலன் கீ நுழையும் குழி உருண்டுவிட்டது. கருவியைக் காப்பாற்றும் ஒரே வழி அந்தத் திருகுதான் என்னும்போது, அதிலேயே காசை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

தோழிக்கு இன்னும் இரண்டு விஷயம் சொன்னேன். ஒளி ஊடுருவும் கண்ணாடியைப் பலகையில் ஒட்டுவதானால் முதலில் பலகைக்கு வெள்ளை அடி. இல்லையென்றால் மரத்தின் பழுப்பு மேலே ஏறி எல்லா நிறமும் மங்கிவிடும். கண்ணாடியைக் கண்ணாடிமேல் ஒட்ட வெள்ளைப் பசை ஆகாது, நடுவில் உள்ள ஈரம் வெளியேற வழியில்லாமல் பால்போல நின்றுவிடும். கிரௌட் கழுவிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதே என்பதையும் சொல்லியிருக்க வேண்டும், குழாய்க்குள் இறுகிக்கொள்ளும்.

நிப்பரைப் பற்றிக் கேட்டாள். வாங்காதே என்றேன். சாதாரணக் கண்ணாடிக் கட்டரும் பிரிக்கும் இடுக்கியும் வாங்கு. ஒரே சீராக ஒரு கோடு கிழி, அதே கோட்டில் இரண்டாவது முறை ஓட்டாதே, கோடு போன வழியில் உடை. வளைவு வரக் கொஞ்ச நாள் ஆகும், பரவாயில்லை. மலிவு நிப்பர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

"சரி, அப்ப உன்னுடையதை ஒரு வாரம் கொடேன், பட்டறையிலிருந்து வந்துடுச்சுல்ல, தொட்டுப் பாத்துட்டுத் தரேன்" என்றாள். கட்டரைக் கொடுத்தேன். நிப்பரைக் கொடுக்கவில்லை. பாதியில் நிற்கும் ஒரு தாமரைக்கு இன்னும் பதினாறு இதழ் வெட்ட வேண்டும்.