ஸ்டீம் டிரையரா, ஈரத் துண்டா, அயர்ன் பாக்ஸா?

கனடாவிலோ அமெரிக்காவிலோ துணி காயவைக்கும் டிரையர் வாங்கக் கடைக்குப் போனால், ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்கள் அக்கம்பக்கமாக நிற்கும். அளவு, டிரம், கதவு எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றில் மட்டும் ஸ்டீம் பட்டன் இருக்கும், விலையும் அதற்கேற்பக் கூடியிருக்கும். "இதை வாங்கினால் அயர்ன் பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிடலாம்" என்பார் விற்பனையாளர். தூக்கிப் போட வேண்டாம். ஆனால் அந்தப் பட்டன் வெறும் ஏமாற்று வேலையும் இல்லை. எந்தத் துணிக்கு, எந்த மாதிரிக் கசங்கலுக்கு என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வாஷிங் மெஷினில் வரும் ஸ்டீமும் டிரையரில் வரும் ஸ்டீமும் ஒரே வேலை செய்வதில்லை. வாஷிங் மெஷினின் நீராவி பெரும்பாலும் கறையை இளக்கவும், கிருமியையும் ஒவ்வாமைத் தூசியையும் குறைக்கவும் இருக்கிறது. டிரையரின் நீராவிதான் சுருக்கத்துக்கும் வாடைக்கும். ஊரில் ஃப்ரண்ட் லோடு மெஷின் வாங்கும்போது "ஸ்டீம் இருக்கு" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் முதல் வகை. அதை நம்பித் தெருமுனைத் தேய்ப்புக் கடைக்காரரிடம் கணக்கை முடித்துக்கொள்ள வேண்டாம்.

டிரையருக்குள் நடப்பது இதுதான். பின்பக்கம் ஒரு குளிர்நீர்க் குழாய் இணைக்கப்பட்டிருக்கும். வாஷிங் மெஷினுக்குப் போகும் அதே குழாயிலிருந்து இரு கிளையாகப் பிரித்துத் தருவார்கள். சில மாடல்களில் உண்மையாகவே நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் கருவி உண்டு. வேறு சிலவற்றில் சூடான டிரம்முக்குள் மெல்லிய சாரலாக நீரைத் தெளிப்பார்கள், உள்ளே இருக்கும் சூட்டில் அது ஆவியாகிவிடும். துணி உருண்டுகொண்டே நனைந்து, உருண்டுகொண்டே காயும். மொத்தம் இருபது நிமிடம் சுமாருக்கு முடிந்துவிடும்.

இதனால் சுருக்கம் ஏன் போகிறது? பருத்தி இழைக்குள் செல்லுலோஸ் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் உள்ளே புகுந்தால் அந்தப் பிடி தளரும். காயும்போது துணி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே பிடி மறுபடி இறுகும். ஈரத் தலையைப் பின்னிப் போட்டுக் காயவைத்தால் நெளி விழுவதும் இதே கதைதான். ஆக, கசங்கிய பருத்தியைக் கொஞ்சம் ஈரமாக்கி, கசங்காத நிலையில் காயவைத்தால் சுருக்கம் தளர வேண்டும். டிரையரில் துணி காற்றில் விரிந்து விழுந்துகொண்டே காய்வதால் பாதி வேலை நடந்துவிடுகிறது.

பாதிதான். துணியை அழுத்தித் தட்டையாக்க டிரம்முக்குள் எதுவும் இல்லை. அயர்ன் பாக்ஸ் சூடு, ஈரம், அழுத்தம் மூன்றையும் தருகிறது. ஸ்டீம் டிரையரில் மூன்றாவது கிடையாது. சட்டைக் காலர், பட்டன் பட்டி, கைப்பட்டி போன்ற இரட்டைத் துணி இடங்கள் அலை அலையாகவே நிற்கும். பேன்ட்டின் கத்தி மடிப்பு விழாது. ஏற்கெனவே இருந்த மடிப்பும் மங்கிப் போகலாம்.

பாலியஸ்டர் கதை வேறு. அதற்குத் தண்ணீர் பெரிதாக வேண்டியதில்லை, சூடு வேண்டும். சுமார் 70 முதல் 80 டிகிரி செல்சியஸில்தான் அந்த இழை இளகத் தொடங்குகிறது. ஆலையிலேயே அதைவிட மிக உயர்ந்த சூட்டில் துணியைத் தட்டையாக நிலைப்படுத்தி அனுப்புவதால், கொஞ்சம் சூடும் உருட்டலும் கிடைத்தால் அது தானாகவே பழைய தட்டை வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். "சுருங்காத" பருத்திச் சட்டைகளும் கிட்டத்தட்ட இப்படித்தான். நியூ ஆர்லியன்ஸில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகத்தில் ரூத் பெனரிட்டோ என்ற வேதியியலாளரும் அவரது குழுவினரும் பருத்திச் சங்கிலிகளை ரசாயனப் பாலங்களால் குறுக்கே இணைக்கும் வழிகளில் முக்கியமான வேலை செய்தார்கள். அப்படிப் பாலம் போட்ட பருத்திக்குத் தட்டையாக இருப்பது பழகிவிடும். ஸ்டீம் டிரையரில் இந்த இரண்டு ரகங்களும் பளிச்சென்று வெளியே வரும். நூறு சதவீதப் பருத்தி ஓரளவு வரும். லினன் முரண்டு பிடிக்கும். வாங்கிய முதல் வாரத்தில் ஒருவர் ஆகா என்பதும் இன்னொருவர் சீ என்பதும் பெரும்பாலும் அவரவர் அலமாரியில் என்ன தொங்குகிறது என்பதைப் பொறுத்தது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஸ்டீம் சுற்றுக்குத் துணி குறைவாக இருக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து உருப்படி என்பதுதான் பல கையேடுகள் சொல்லும் கணக்கு. ஒரு வாரத் துணியையும் அடைத்துவிட்டு ஸ்டீம் பட்டனை அழுத்தினால் வெளிப்பக்கத்தில் இருப்பது நனையும், நடுவில் இருப்பது கசங்கியபடியே வரும். சுற்று முடிந்ததும் சூட்டோடு எடுத்து ஹேங்கரில் மாட்ட வேண்டும். அரை மணி நேரம் உள்ளேயே கிடந்தால் செய்த வேலை வீண்.

செலவில்லாத போட்டியாளர்

ஸ்டீம் டிரையருக்கு நேரடிப் போட்டி அயர்ன் பாக்ஸ் இல்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சாதா டிரையரும் ஒரு ஈரத் துண்டும்தான். கசங்கிய இரண்டு மூன்று சட்டைகளோடு, நனைத்து நன்றாகப் பிழிந்த ஒரு சிறு துண்டைப் போட்டு, நல்ல சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட வேண்டும். துண்டிலிருந்து கிளம்பும் ஈரம்தான் இங்கே நீராவி. கொள்கை அதேதான்.

இதைச் செய்து பார்த்துப் "பலிக்கவில்லை" என்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். டிரையரைத் தானியங்கி முறையில் விட்டிருப்பார்கள். டிரம்முக்குள் இருக்கும் ஈர உணர்வி, காய்ந்த சட்டைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு "எல்லாம் காய்ந்தாயிற்று" என்று சீக்கிரமே நிறுத்திவிடும். அதனால் நேரத்தைக் கையால் வைக்கும் முறையில்தான் ஓட்ட வேண்டும். அப்புறம் துண்டு எது என்பதும் முக்கியம். பூந்துண்டைப் போட்டால் கறுப்புப் பேன்ட் முழுக்கப் பஞ்சு ஒட்டும். சாயம் போகாத, பஞ்சு உதிராத மெல்லிய துணி நல்லது. அதைவிட நல்லது, சட்டையின் மேல் நேராகவே ஸ்பிரே பாட்டிலில் நீர் தெளித்துவிட்டுப் போடுவது. எங்கே கசங்கல் அதிகமோ அங்கே கூடுதலாகத் தெளிக்கலாம். ஸ்டீம் டிரையருக்குள் நீர் தெளிக்கும் நாசிலுக்கு அந்த விவரம் தெரியாது.

ஐஸ் கட்டி போடும் வித்தையும் இணையத்தில் சுற்றுகிறது. இரண்டு மூன்று கட்டிகள் உருகி ஆவியாகும், வேலை நடக்கும். ஈரத் துண்டைவிட அதில் எந்த மேன்மையும் இல்லை, முதல் இரண்டு நிமிடம் டமடம என்று சத்தம் வருவதைத் தவிர.

அப்படியென்றால் ஸ்டீம் மாடலுக்குக் கூடுதல் பணம் எதற்கு? சாரல் சீராக விழும். நனைப்பதும் காயவைப்பதும் தானாக நடக்கும். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பும் அவசரத்தில் துண்டைத் தேடி நனைத்துப் பிழிகிற பொறுமை எல்லோருக்கும் இருக்காது. அந்தச் சௌகரியத்துக்குத்தான் பணம். முடிவில் கிடைக்கும் சட்டையில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரிந்ததில்லை.

மின்சாரக் கணக்கு இரண்டுக்குமே சாதகமில்லை. வட அமெரிக்க வீட்டு மின்சார டிரையர் 240 வோல்ட்டில் ஓடுவது. அதன் சூடேற்றி சுமார் 5 கிலோவாட். இருபது நிமிடம் முழுச் சூட்டில் ஓடினால் ஒன்றரை யூனிட்டுக்கு மேலே போகும். தெர்மோஸ்டாட் இடையிடையே அணைப்பதால் நடைமுறையில் அதைவிடக் குறையும், சரி. 1,500 வாட் அயர்ன் பாக்ஸில் ஒரு சட்டையை ஐந்து நிமிடம் தேய்த்தால் ஆகும் செலவு ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்குதான். ஒரே ஒரு சட்டைக்காக டிரையரைச் சுற்றவிடுவது வீண் செலவு. ஐந்து சட்டைகள் என்றாலும் அயர்ன் பாக்ஸ்தான் சிக்கனம், ஆனால் உங்களுக்கு அரை மணி நேரம் மிச்சமாகிறது. அந்த நேரத்துக்கு என்ன விலை என்பது அவரவர் கணக்கு.

கையில் பிடிக்கும் ஸ்டீமர்

இது வேறு ரகம். 1,000 முதல் 1,500 வாட் வரையிலான ஒரு சிறிய கெட்டில் என்று வைத்துக்கொள்ளலாம். ஹேங்கரில் தொங்கும் துணியின் மேல் ஆவியைப் பாய்ச்சி, மறுகையால் கீழ்நோக்கி இழுத்துவிட வேண்டும். டிரம்முக்குள் போட முடியாத எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. ஜார்ஜெட், ஷிஃபான், கல்லும் மணியும் வைத்துத் தைத்த லெஹங்கா, வேலைப்பாடு செய்த குர்த்தா, கோட். கல்யாணத்துக்காக வேறு ஊர் போய் ஹோட்டலில் பெட்டியைத் திறக்கும்போது அயர்ன் போர்டைத் தேடாமல் பத்து நிமிடத்தில் வேலை முடியும்.

குறைகளும் உண்டு. சாய்த்துப் பிடித்தால் சில கருவிகள் வெந்நீரைத் துப்பும். பட்டில் அந்தச் சொட்டு விழுந்தால் கறையாக நிற்கலாம், அதனால் பட்டுக்கு உள்பக்கமாக, கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டும். கடினநீர் உள்ள ஊரில் உப்புப் படிந்து சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், காய்ச்சி வடித்த நீர் ஊற்றுவது நல்லது. உடுத்திய பிறகு "இங்கே கொஞ்சம் காட்டு" என்று உடம்பிலேயே பாய்ச்சுவது வேண்டவே வேண்டாம். நீராவி சுட்டால் வெந்நீரைவிட மோசமாகச் சுடும். தடித்த பருத்தியைப் பொறுத்தவரை ஸ்டீமரும் டிரையரைப் போலத்தான், தளர்த்தும், தட்டையாக்காது.

அயர்ன் பாக்ஸ் எங்கே அசையாது

வேட்டி, கஞ்சி போட்ட காட்டன் புடவை, பள்ளிச் சீருடையின் மடிப்புப் பாவாடை, நேர்முகத் தேர்வுக்குப் போடும் வெள்ளைச் சட்டை. இவற்றில் டிரையர் தோற்கும் என்பது மட்டுமல்ல, கெடுத்தும் வைக்கும். கஞ்சியின் விறைப்பே அந்தப் புடவையின் அழகு. ஈரத்தில் உருட்டி எடுத்தால் அது தொளதொளவென்று ஆகிவிடும். ஐந்தரை மீட்டர் துணி டிரம்முக்குள் உருளும்போது கயிறாக முறுக்கிக்கொண்டு கூட இருக்கும் சட்டைகளையும் உள்ளே சுருட்டிக்கொள்ளும். வெளியே எடுக்கும்போது போட்டதைவிட அதிகச் சுருக்கம் இருக்கும். பெட்ஷீட்டுக்கும் இதே கதி. சரிகை வைத்த பட்டுப் புடவையை டிரையர் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

அயர்ன் பாக்ஸின் சூட்டைத் துணியின் லேபிளே சொல்லும். ஒரு புள்ளி என்றால் சுமார் 110 டிகிரி செல்சியஸ், இரண்டு என்றால் சுமார் 150, மூன்று என்றால் சுமார் 200. பருத்திக்கும் லினனுக்கும் மூன்று புள்ளி. லினன் டிரையரில் ஏன் மசியாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம், டிரம்முக்குள் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை. டிரையரில் போடலாமா என்பதற்குத் தனிக் குறி உண்டு: சதுரத்துக்குள் வட்டம். அதன் மேல் பெருக்கல் குறி இருந்தால் ஸ்டீம் இருந்தாலும் போடக்கூடாது.

சுருக்கம் நீக்கும் ஸ்பிரேக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தெளித்து, கையால் இழுத்துத் தடவி, காயவிட வேண்டும். அதில் நடக்கும் வேலையில் பெரும்பங்கு தண்ணீருடையது, மீதி வாசனை. எல்ஜி 2011இல் கொரியாவில் கொண்டுவந்த ஸ்டைலர், சாம்சங் 2018இல் கொண்டுவந்த ஏர்டிரெஸ்ஸர் போன்ற நீராவி அலமாரிகள் துணியைத் தொங்கவிட்டே செய்வதால் கோட்டுக்கும் கம்பளிக்கும் அருமை. ஸ்டைலரின் கதவில் பேன்ட் மடிப்பைப் பிடிக்க ஒரு அழுத்தியும் உண்டு. ஆனால் விலையும் அது அடைக்கும் இடமும் ஒரு ஃபிரிட்ஜுக்குச் சமானம். தினமும் சூட் போடுகிறவர்கள் யோசிக்கலாம்.

ஒரு விஷயத்தில் ஸ்டீம் டிரையரை மனதாரப் பாராட்ட வேண்டும், அது சுருக்கம் இல்லை, வாடை. குளிர்காலத்தில் ஜன்னலைத் திறக்க முடியாத வீட்டில் மீன் பொரித்த நாளில் கதவருகே தொங்கிய ஸ்வெட்டரையும் ஜாக்கெட்டையும் துவைக்காமலே மீட்டெடுக்க முடிகிறது. கறை இருந்தால் மட்டும் போடாதீர்கள். சூட்டில் கறை நிலைத்துவிடும், அப்புறம் துவைத்தாலும் போகாது.

வாங்கப் போகிறவர்களுக்கு என் கருத்து இது. ஸ்டீமுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை டிரம்மின் கொள்ளளவும், ஈர உணர்வியின் தரமும், சுற்று முடிந்தபின் சூடில்லாமல் அவ்வப்போது உருட்டிக்கொண்டிருக்கும் வசதியும். துணி கசங்குவதில் பெரும்பகுதி நிரம்ப அடைப்பதாலும், காய்ந்ததைச் சூட்டோடு குவியலாக ஆறவிடுவதாலும் வருகிறது. கடைசி வசதி ஸ்டீம் இல்லாத பல மாடல்களிலும் இருக்கிறது. இவை சரியாக இருந்து, வீட்டில் சுருங்காத சட்டைகளும் பாலியஸ்டர் கலந்த துணிகளும்தான் அதிகம் என்றால் ஸ்டீமுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். பருத்தியும் லினனுமே உடுத்துகிற வீடு என்றால் அந்தப் பணத்தில் நல்ல அயர்ன் பாக்ஸும் கைஸ்டீமரும் வாங்கிவிடுங்கள். வாடகை வீட்டில் குழாயில் கைவைக்க அனுமதி இல்லை என்றாலும் இதே பதில்தான்.

ஏற்கெனவே ஸ்டீம் டிரையர் வைத்திருந்து "ஒரு பிரயோஜனமும் இல்லை" என்று சலித்துக்கொள்பவர்கள், ஒரு தடவை மெஷினை முன்னால் இழுத்துப் பின்பக்கம் பாருங்கள். பொருத்த வந்தவர்கள் குளிர்நீர்க் குழாயை இணைக்காமலோ, இணைத்துவிட்டு வால்வைத் திறக்காமலோ போயிருக்கலாம். தண்ணீர் வராவிட்டாலும் சுற்று ஓடி முடிந்துவிடக்கூடும். இருபது நிமிடம் உள்ளே சுற்றியது வெறும் சூடான காற்றாக இருக்கும்.