சிக்னல் விட்டுப்போகும் ரிமோட் கார்: 27 மெகாஹெர்ட்ஸைச் சரிசெய்வதா, 2.4-க்கு மாறுவதா?

கார் இருபது முப்பது மீட்டர் தாண்டியதும் ஸ்டியரிங் தானாக வெட்டி இழுக்கிறது. சில நேரம் ட்ரிக்கரை விட்ட பிறகும் மோட்டார் ஓடுகிறது. பழைய 27 மெகாஹெர்ட்ஸ் செட் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. இருக்கும் ரேடியோவையே சரிசெய்து ஓட்டலாம், அல்லது கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டர், காருக்குள் இருக்கும் ரிசீவர் இரண்டையும் கழற்றிவிட்டு 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறலாம். என்னிடம் இருப்பது தாமியா ஹார்னெட். 1984இல் வந்து 2004இல் மறுபடி வெளியான ‘பக்கி’, அதாவது கரடுமுரடான தரையில் ஓடும் வகைக் கார். அதில் முதல் வழியில் கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு இரண்டாவதுக்குப் போனேன். இனி திரும்புவதாக இல்லை. அதனால் கீழே இருப்பது நடுநிலை அலசல் அல்ல.

தூரம், விலை பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மைதானத்தில் கண்ணுக்குத் தெரியும் தூரம் வரை இரண்டும் போகும். பழையதைச் சரிசெய்தால் செலவு கொஞ்சம், மாற்றினால் அதிகம்.

சரிசெய்வது என்றால் என்னென்ன? முதலில் ரிசீவர் ஆன்டெனா. 27 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 11 மீட்டர். காரில் இருப்பதோ அரை மீட்டர் கம்பி. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் உள்ளே காயில் வைத்து, அந்த நீளத்துக்கே ட்யூன் செய்திருப்பார்கள். நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று நறுக்கினாலும், பேட்டரிக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்தாலும் தூரம் குறைந்துவிடும். குழாயில் விட்டு நிமிர்த்தி வைக்க வேண்டும்.

அடுத்து மோட்டார் இரைச்சல். பிரஷ் மோட்டாரில் கார்பன் உரசும் இடத்தில் பொறி பறக்கும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் செட்டுகள் பெரும்பாலும் ஏஎம் வகை, அதாவது அலையின் வலிமையை மாற்றிச் செய்தி அனுப்புபவை. அவற்றுக்கு இந்தப் பொறி ஆகாது. 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் மூன்று வாங்குங்கள், மேலே 104 என்று அச்சிட்டிருக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஒன்றை இரண்டு முனைகளுக்கும் குறுக்கே வைக்க வேண்டும். மற்ற இரண்டையும் ஒவ்வொரு முனையிலிருந்து மோட்டாரின் இரும்புக் கூட்டுக்கு வைக்க வேண்டும். கூட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்த பிறகுதான் ஈயம் பிடிக்கும். தேய்க்காமல் வைத்த ஈயம் உருண்டையாக நின்று, பார்க்கப் பிடித்தது போலவே இருக்கும். முதல் குதியில் கழன்றுவிடும்.

அப்புறம் கிரிஸ்டல், அதாவது எந்த அலைவரிசை என்பதை முடிவுசெய்யும் சிறு பாகம். 27 மெகாஹெர்ட்ஸில் வழக்கமாக ஆறு சேனல்கள்: 26.995 பழுப்பு, 27.045 சிவப்பு, 27.095 ஆரஞ்சு, 27.145 மஞ்சள், 27.195 பச்சை, 27.255 நீலம். ஒரே நிறத்தில் இரண்டு பேர் ஓட்டினால் இருவர் காரும் கெடும். டிரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும் தனித்தனி கிரிஸ்டல். ரிசீவருடையது 455 கிலோஹெர்ட்ஸ் குறைவாக இருக்கும். இடம் மாற்றிச் செருகினால் செட் வேலை செய்யாது. காரில் இருப்பது அடிபட்டு உள்ளே விரிசல் விட்டாலும் வெளியே தெரியாது. வேறு ஜோடி போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அந்த ஜோடியைத் தேடிப்பிடிப்பதே இப்போது பெரிய வேலை.

இதெல்லாம் செய்ய முடியாத காரியங்கள் அல்ல. ஆனால் அடுத்த முறை கோளாறு வரும்போது எங்கே தேடுவது? நான் 2.4-க்கு மாற இந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது.

ஏஎம் செட்டில் ஆன்டெனா கெட்டாலும் ஸ்டியரிங் வெட்டும், மோட்டார் இரைந்தாலும் வெட்டும். கிரிஸ்டல் போனாலும், டிரான்ஸ்மிட்டர் செல் இறங்கினாலும், பக்கத்தில் எவனோ அதே சேனலில் ஓட்டினாலும் அதே வெட்டுதான். காரணம், அந்த ரிசீவர் வாசலில் யார் கூப்பிட்டாலும் ஓடிப்போகும் குழந்தை மாதிரி. அந்த அலைவரிசையில் எது வந்தாலும் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, ஸ்டியரிங்கைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவை அசைக்கும். நோய் ஐந்து, அறிகுறி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதிலேயே வெயில் ஏறிவிடும்.

2.4 ரிசீவர் அப்படியல்ல. பைண்ட் செய்யும்போது, அதாவது இரண்டையும் ஜோடி சேர்க்கும்போது, தன் டிரான்ஸ்மிட்டரின் அடையாளத்தை மனதில் வாங்கிக்கொள்ளும். அது அனுப்பியதை மட்டுமே ஏற்கும். இரைச்சல் வந்தால் அந்தத் தகவலைத் தள்ளிவிடும், சர்வோவுக்கு விடாது. ஆகவே கார் ஒழுங்காக ஓடும், அல்லது தொடர்பு அறுந்து ஃபெயில்சேஃப் நிலைக்கு, அதாவது சிக்னல் போனால் எடுக்க முன்பே அமைத்து வைத்த நிலைக்குப் போகும். இடையில் நடுக்கம் இருந்தால் ரேடியோவை விட்டுவிட்டு சர்வோவைப் பாருங்கள். தொடர்பு அறுந்தால் சந்தேகப்பட இரண்டே ஆட்கள்: மின்சாரம், ஆன்டெனா.

மின்சாரம்தான் பெரும்பாலும். சக்கரம் தரையில் படாமல் காரைத் தூக்கி வையுங்கள். முன்சக்கரங்களைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை முழுதாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புங்கள். கூடவே ஆக்ஸிலரேட்டரையும் கொடுங்கள். கண் ரிசீவர் விளக்கில் இருக்கட்டும். அது சிமிட்டினாலோ அணைந்து எரிந்தாலோ, சர்வோ இழுக்கும் மின்சாரத்தை ஈஎஸ்சியில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) இருக்கும் பிஇசியால் (பேட்டரி வோல்டேஜைக் குறைத்து ரிசீவருக்கும் சர்வோவுக்கும் தரும் சுற்று) கொடுக்க முடியவில்லை என்று பொருள். ரிசீவரில் காலியாக இருக்கும் சேனல் பிளக் இடத்தில் 4700 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெபாசிட்டர் ஒன்றைச் செருகினால் நொடி நேரச் சரிவைத் தாங்கும். பிளஸ் மைனஸ் மாறக்கூடாது. அதிலும் தீரவில்லை என்றால் தனி பிஇசி போட வேண்டியதுதான். விளக்கு அசையாமல் இருந்து தூரத்தில் மட்டும் அறுந்தால் ஆன்டெனா. அதன் நுனியில் கவசமில்லாத மூன்று சென்டிமீட்டர் மட்டுமே வேலை செய்யும் பகுதி. அதை வெட்டாமல், மடிக்காமல், மோட்டாருக்கும் கார்பன் ஃபைபர் தகடுக்கும் தள்ளி நிமிர்த்தி வைத்தால் போதும்.

2.4-இன் குறையும் இதே மின்சாரத்தில்தான் இருக்கிறது. வோல்டேஜ் சட்டென்று விழுந்தால் ஏஎம் ரிசீவர் ஒரு வெட்டு வெட்டிவிட்டுத் தொடரும். 2.4 ரிசீவருக்குள் இருப்பது குட்டிக் கணினி. அது அணைந்து, மறுபடி எழுந்து, டிரான்ஸ்மிட்டரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்குள் கார் சுவரில் போய் நிற்கும். பலவீனமான பிஇசி இருக்கும் காரில் ரேடியோவை மட்டும் மாற்றினால் முன்பைவிட மோசமாகத் தோன்றுவது இதனால்தான்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. பழைய ஹார்னெட் போன்ற கார்களில் சர்வோவால் நகரும் மெக்கானிக்கல் ஸ்பீடு கண்ட்ரோலர் இருக்கும். அதோடு வந்த பல ரிசீவர்களுக்குள்ளேயே பிஇசி உண்டு, 7.2 வோல்ட் பேட்டரியை நேராகக் கொடுக்கலாம். புது ரிசீவர்கள் பலவற்றில் அது கிடையாது. 6 வோல்ட் வரைதான் தாங்கும் என்று போட்டிருக்கும் ரிசீவரில் அதே பிளக்கைச் செருகினால் கதை முடிந்தது. ஆக, மாறும் செலவில் ஈஎஸ்சி அல்லது தனி பிஇசி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரிசீவர்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பதும் நினைவிருக்கட்டும். வேறு நிறுவனத்தின் ரிசீவர் மட்டுமல்ல, ஒரே நிறுவனத்திலேயே கூடச் சேராது. ஃப்ளைஸ்கை நிறுவனத்தின் ஜிடி3பி டிரான்ஸ்மிட்டரோடு வரும் ஜிஆர்3இ ரிசீவர் பழைய முறை, ஜிடி5 டிரான்ஸ்மிட்டரோடு வரும் பிஎஸ்6 ரிசீவர் அடுத்த தலைமுறை. மாற்றிப் போட்டால் பைண்ட் ஆகாது. டிரான்ஸ்மிட்டர் வாங்கும்போதே உபரி ரிசீவர் கிடைக்கிறதா, என்ன விலை என்று பார்த்துவிடுங்கள். அடிபடுவது எப்போதும் காரில் இருப்பதுதான்.

சரி, பழையதை யார் வைத்துக்கொள்ளலாம்? காரை அசல் பாகங்களோடு அலமாரியில் வைத்து எப்போதாவது ஓட்டுகிறவர்கள். ரிசீவரும் ஈஎஸ்சியும் ஒரே பலகையில் இருக்கும் பொம்மைக் கார் வைத்திருப்பவர்களும்தான். அதில் ரேடியோவை மாற்றுவது எல்லாவற்றையும் மாற்றுவதாகிவிடும்.

எரிபொருள் எஞ்சினில் ஓடும் நைட்ரோ கார் நான் ஓட்டியதில்லை, மேலே சொன்னதெல்லாம் எலெக்ட்ரிக் அனுபவம். ஆனால் எஞ்சின் காரில் த்ராட்டில் திறந்தபடி சிக்னல் போனால் வண்டி நிற்காது. அதனால் ஃபெயில்சேஃபைப் பிரேக்கில் அமைத்து, சக்கரத்தைத் தூக்கி வைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதித்துவிட வேண்டும். ரிசீவர் பேட்டரியே தீர்ந்துவிட்டால் ஃபெயில்சேஃபும் வேலை செய்யாது என்பதால், கார்புரேட்டரை மூடும் ஸ்பிரிங் ஒன்று, சர்வோவையும் கார்புரேட்டரையும் இணைக்கும் கம்பியில் (லிங்கேஜ்) தனியாக இருக்க வேண்டும்.