கீற்றா, ஓடா?

ஆழியாறு பக்கம் தோப்புக்குள் தங்குமிடம் கட்டுகிறவர்கள் கூரை விஷயத்தில்தான் அதிகம் குழம்புகிறார்கள்.

செலவு: கீற்று முதலில் மலிவு, ஓரிரு வருடத்தில் மாற்றி வேய வேண்டும். ஓட்டுக்கு மரச்சட்டம், ஓடு உட்காரும் ரீப்பர் கட்டைகள் என்று கையைக் கடிக்கும், அப்புறம் பல வருடம் கவலையில்லை.

காற்று: பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று கீற்றின் ஓரத்தைப் பிரித்துவிடும். ஓடு தாங்கும், குரங்கு குதித்தால் உடையும், கொஞ்சம் கையிருப்பு வையுங்கள்.

தோற்றம்: வெயிலில் சாம்பல் நிறமாகும் கீற்று, தென்னைகளுக்கு நடுவே தனியாகவே தெரியாது. அந்த அழகுக்கு ஈடில்லை. புது ஓட்டின் சிவப்பு கண்ணில் அடிக்கும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் பாசி படிந்த ஓடாக வாங்கினால் அதுவும் அடங்கிவிடும்.

தீ: கீற்றுக்குக் கோடையில் ஒரு பொறி போதும்.

உட்கார்ந்து பேசும் கொட்டகைக்குக் கீற்று, அதுவும் சமையலறையிலிருந்து தள்ளி. ஆள் படுக்கும் அறைக்கு ஓடுதான்.