எக்ஸ்ப்ளோரர்பேட்சர்: பழைய டாஸ்க்பாரும் அதற்குத் தர வேண்டிய கவனமும்

விண்டோஸ் 11 வெளியான 2021 அக்டோபரில் டாஸ்க்பார் அடியோடு மாறியது. அதைத் திரையின் மேலேயோ பக்கவாட்டிலோ வைக்கும் வசதி போயிற்று. ஒரே செயலியில் திறந்த ஜன்னல்கள் எல்லாம் ஒரு ஐகானுக்குள் அடங்கிக்கொண்டன. ரைட் கிளிக் மெனுவில் பாதி வேலைகள் "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" என்பதற்குப் பின்னால் போய்விட்டன. இவை அனைத்தையும் ஒரே நிறுவலில் மீட்டுத் தரும் இலவச மென்பொருள் எக்ஸ்ப்ளோரர்பேட்சர். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இதற்குள்ள பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இதே பெயரைச் சொல்லி வேறு தளங்கள் தரும் கோப்புகளைத் தொட வேண்டாம்.

நிறுவும் முன் இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். டாஸ்க்பார், டெஸ்க்டாப், ஃபோல்டர் ஜன்னல்கள் மூன்றையும் நடத்துவது எக்ஸ்ப்ளோரர் என்ற ஒரே நிரல். அது தொடங்கும்போது டிஎக்ஸ்ஜிஐ (dxgi.dll) என்ற டிஎல்எல் கோப்பை, அதாவது நிரல்கள் துணைக்கு எடுத்துக்கொள்ளும் கோப்பை, தேடும். முதலில் தான் இருக்கும் விண்டோஸ் ஃபோல்டரில் பார்க்கும், அதன் பிறகே விண்டோஸின் சொந்தக் கோப்புகள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டருக்குப் போகும். எக்ஸ்ப்ளோரர்பேட்சர் அதே பெயரில் தன் கோப்பை விண்டோஸ் ஃபோல்டரில் வைத்து, எக்ஸ்ப்ளோரருக்குள் நுழைந்துவிடுகிறது. நுழைந்தபின் மாற்ற வேண்டிய ஃபங்ஷன்கள் (நிரலின் சிறு பகுதிகள்) நினைவகத்தில் எங்கே இருக்கின்றன என்று அறிய, அவற்றின் முகவரிகளைச் சொல்லும் சிம்பல் கோப்புகளை மைக்ரோசாப்ட் சர்வரிலிருந்து இறக்குகிறது. விண்டோஸ் அப்டேட் வரும்போது அந்த முகவரிகள் இடம் மாறும், உடனே எக்ஸ்ப்ளோரர்பேட்சர் அந்தக் கோப்புகளை மீண்டும் இறக்க வேண்டும். அப்டேட்டுக்குப் பிறகு முதல் லாகினில் இணையம் இல்லாவிட்டால் சில அமைப்புகள் வேலை செய்யாமல் நிற்பது இதனால்தான்.

தீய நிரல்களும் இதே வழியில் நுழைவதால் விண்டோஸின் பாதுகாப்பு நிரலான டிஃபெண்டர் இதை ஹேக்டூல் (ஊடுருவும் கருவி) என்று பிடித்து, கோப்பை முடக்கும். டிஃபெண்டர் சோதிக்காமல் விடும் விலக்குப் பட்டியலில் புரோகிராம் ஃபைல்ஸிலுள்ள எக்ஸ்ப்ளோரர்பேட்சர் ஃபோல்டரையும் விண்டோஸ் ஃபோல்டரிலுள்ள அந்த ஒரு டிஎல்எல்லையும் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். விண்டோஸ் ஃபோல்டர் முழுவதையும் விலக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். அப்படிச் செய்தால் கணினியின் மையப் பகுதியே காவல் இல்லாமல் திறந்துகிடக்கும். அலுவலகம் கொடுத்த கணினி என்றால் இந்த மென்பொருளே வேண்டாம்.

நிறுவல் எளிது. முதலில், சிக்கல் வந்தால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ரெஸ்டோர் பாயின்ட் ஒன்று உருவாக்குங்கள். பிறகு செட்டப் கோப்பை இயக்கி அட்மின் அனுமதி கொடுத்தால் திரை ஒருமுறை மறைந்து, பழைய டாஸ்க்பாரோடு திரும்பும். ஆர்ம் சிப் கணினிகளுக்குத் தனிக் கோப்பு உண்டு. டாஸ்க்பாரில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திறந்தால் எல்லா அமைப்புகளும் அங்கே இருக்கும். நட்சத்திரக் குறி போட்டவை, கீழே இடது மூலையிலுள்ள "ரீஸ்டார்ட் ஃபைல் எக்ஸ்ப்ளோரர்" அழுத்திய பிறகே நடைமுறைக்கு வரும். மாற்றியும் எதுவும் நடக்கவில்லை என்ற புகார் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல் பழைய டாஸ்க்பாரின் நிரல் விண்டோஸிலேயே இல்லை. எனவே டாஸ்க்பார் ஸ்டைலில் "விண்டோஸ் 10 (எக்ஸ்ப்ளோரர்பேட்சர்)" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது எக்ஸ்ப்ளோரர்பேட்சரை உருவாக்குபவர்களே திரும்ப எழுதியது, அசலுக்கு மிக நெருக்கமாக வந்திருக்கிறது. இந்த உழைப்புக்காகவே திட்டத்தைப் பாராட்ட வேண்டும்.

ஆல்ட்-டேப் ஜன்னலைப் பழைய வடிவில் வைக்கலாம். ஃபோல்டர் ஜன்னலின் மேலே பட்டையாக வரும் பழைய ரிப்பன் மெனுவைத் திரும்பக் கொண்டுவரலாம். தமிழ்99, ஆங்கிலம் என்று விசைப்பலகை மாற்றி மாற்றித் தட்டச்சு செய்பவர்களுக்குச் சிஸ்டம் ட்ரே (டாஸ்க்பாரில் கடிகாரம் இருக்கும் இடம்) அமைப்புகளில் மொழி மாற்றியின் தோற்றத்தைத் தேர்வுசெய்யும் இடமும் உண்டு. எல்லாம் மனத்துக்குப் பிடித்தபடி அமைந்ததும் அமைப்புகளை ஏற்றுமதி செய்து ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புகள் பதிவேடு) கோப்பாகப் பத்திரப்படுத்துங்கள்.

ஸ்டார்ட் மெனுவுக்கு மட்டும் ஓப்பன்-ஷெல் என்ற வேறொரு மென்பொருளே மேல். பழைய ஸ்டார்ட் மெனுவைத் தந்த கிளாசிக் ஷெல் என்ற மென்பொருளின் வளர்ச்சி 2017 டிசம்பரில் நின்றபோது அதன் மூலநிரல் வெளியிடப்பட்டது. அதை எடுத்துத் தன்னார்வலர்கள் தொடர்ந்ததுதான் இது. நிறுவும்போது கிளாசிக் எக்ஸ்ப்ளோரர், கிளாசிக் ஐஇ என்ற துணைப் பகுதிகள் இரண்டையும் நீக்கிவிட்டு மெனுவை மட்டும் வைத்தால் இரண்டு மென்பொருள்களும் மோதாமல் ஓடும். ஷிஃப்ட் பிடித்து விண்டோஸ் விசையை அழுத்தினால் விண்டோஸின் சொந்த மெனுவும் திறக்கும்.

ரைட் கிளிக் மெனு மட்டுமே குறை என்றால் இவ்வளவு தேவையில்லை. ஷிஃப்ட் பிடித்து ரைட் கிளிக் செய்தாலே பழைய மெனு வரும். ஜன்னல்களைப் பெயரோடு தனித்தனியாகக் காட்டும் வசதியும் 2023-இல் விண்டோஸுக்கே திரும்பிவிட்டது, டாஸ்க்பார் அமைப்புகளில் இருக்கிறது.

இனி கோளாறுகள். மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வரும் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு எக்ஸ்ப்ளோரர் திரும்பத் திரும்ப விழுந்து எழுந்து, திரை மின்னிக்கொண்டே இருக்கலாம். தொடர்ந்து சில முறை விழுந்தால் எச்சரிக்கை காட்டி ஒதுங்கிக்கொள்ளும் ஏற்பாடு எக்ஸ்ப்ளோரர்பேட்சரிலேயே உண்டு. அதுவும் கைவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் தனி நிரல் என்பதால் திறக்கும். "ரன் நியூ டாஸ்க்" அழுத்தி, அட்மின் கட்டத்தை டிக் செய்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் ப்ராம்ப்டை (cmd) திறந்து, விண்டோஸ் ஃபோல்டரிலுள்ள அந்த டிஎக்ஸ்ஜிஐ கோப்பின் பெயரை மாற்றுங்கள். பயன்பாட்டில் இருக்கும் கோப்பை அழிக்க விடாது, பெயர் மாற்ற விடும். சிஸ்டம்32-இல் அதே பெயரில் இருப்பது விண்டோஸின் அசல் கோப்பு. அதைத் தொடவே கூடாது. பிறகு டாஸ்க் மேனேஜரிலேயே எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் 11-இன் சொந்த டாஸ்க்பார் வந்து நிற்கும்.

மாதாந்திர அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்திவைத்து, அதற்கேற்ற எக்ஸ்ப்ளோரர்பேட்சர் பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுமதிப்பது நல்லது. ஒரு வாரத்துக்கு மேல் தள்ளாதீர்கள், அதில் பாதுகாப்புத் திருத்தங்கள் இருக்கும். ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்புக்கு மாறும்போது முதலில் எக்ஸ்ப்ளோரர்பேட்சரை முழுமையாக நீக்கி, விண்டோஸை மாற்றி, அதன் பிறகு புதிய செட்டப்பை நிறுவுங்கள். நீக்குவதற்கு செட்டிங்ஸிலுள்ள செயலிகள் பட்டியலே போதும். அங்கே சிக்கினால் செட்டப் கோப்பின் பெயரை "இபி_அன்இன்ஸ்டால்" (ep_uninstall) என்று ஆங்கில எழுத்தில் மாற்றி இயக்கினால், அதே கோப்பு நீக்கும் வேலையைச் செய்துவிடும்.