காட்பாடி மண்டபத்தில் கலைவாணர்

போன சனிக்கிழமை காட்பாடியில் ஒரு கல்யாண மண்டபத்தில், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் மேலே வந்த கதையை இசை நாடகமாகப் பார்த்தேன். போட்டவர்கள் முழுநேர நாடகக்காரர்கள் இல்லை. பஸ் கண்டக்டர், ராணிப்பேட்டையில் தோல் கம்பெனிக்குப் போகிறவர், இரண்டு டீச்சர்கள், ஆஸ்பத்திரி லேபில் இருக்கும் ஒரு பெண் என எல்லோருமே வேலை முடிந்து வந்து ராத்திரி ஒத்திகை பார்த்தவர்கள். டிக்கெட் 100 ரூபாய், நாடகம் இரண்டேகால் மணி நேரம். என் தாத்தா ஆரணிப் பக்கம் கூத்தில் கட்டியக்காரன் வேஷம் கட்டியவர், கதையை நடத்திக்கொண்டே ஜனங்களைச் சிரிக்க வைக்கிற வேஷம் அது. ஜனங்களைச் சிரிக்க வைத்த ஒருவரைப் பற்றி நாடகம் என்றால் என்னால் வீட்டில் உட்கார முடியாது.

போய்ப் பாருங்கள். சோடா காட்சி ஒன்றுக்காகவே போகலாம்.

நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கிருஷ்ணன், சின்ன வயதில் நாடகக் கொட்டகையில் சோடா விற்றார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். இவர்கள் அதற்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். மேடை நடுவில் இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நம்ம ஊர்க் கூத்தில் வேஷம் வெளியே வருவதற்கு முன் பிடிப்பார்களே, அந்தத் திரை. அதற்குப் பின்னால் ராஜபார்ட், அதாவது ராஜா வேஷம் கட்டியவர், பாடுகிறார், தலைக்கிரீடம் மட்டும்தான் தெரிகிறது. இந்தப் பக்கம் பையன், கையில் சோடாக் கூடை. பாட்டைக் கேட்டுக்கொண்டே ஒரு பாட்டிலை எடுத்துக் கட்டைவிரலால் அதன் வாயிலிருக்கும் கோலிக் குண்டை அழுத்துகிறான். அது இறங்குகிற சத்தம் மிருதங்க அடியோடு அச்சாகச் சேர்ந்து விழுகிறது. அடுத்த பாட்டில், அதே மாதிரி. மூன்றாவதும் அப்படியே. நாலாவதை வேண்டுமென்றே அரைத்தாளம் தள்ளி உடைக்கிறான். திரைக்குப் பின்னால் ராஜபார்ட் தடுமாற, மண்டபமே சிரித்தது. பையன் சட்டென்று திரும்பி நம்மைப் பார்க்கிறான். அந்தச் சிரிப்பைத் தான்தான் வரவழைத்தோம் என்று அவனுக்குப் புரிகிற நேரம் அது. வசனமே கிடையாது. அந்தப் பையனுக்குப் பன்னிரண்டு வயதுதான் இருக்கும். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கதையை நடத்திச் செல்வது ஒரு கட்டியக்காரன். வில்லுப்பாட்டு, டி.கே.எஸ். சகோதரர்களின் பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் குழு, 1936இல் ‘சதி லீலாவதி’ படம் என்று ஒவ்வொரு படியையும் அவர்தான் பாடிச் சொல்கிறார். நாஞ்சில் நாட்டுக்காரர் கதையை வடாற்காட்டுக் கட்டியக்காரன் சொல்வது பொருந்துமா என்று முதலில் எனக்குத் தயக்கம் இருந்தது. பொருந்துகிறது. ராஜா முன்னால் நின்றுகொண்டே ஊர் நியாயத்தைப் பேசுகிற உரிமை கூத்தில் கட்டியக்காரனுக்குத்தான் உண்டு. கலைவாணர் சினிமாவில் செய்ததும் அதுதானே! படத்தின் கதை ஒரு பக்கம் போகும், இவரும் மனைவி டி.ஏ.மதுரமும் தங்கள் பகுதியைத் தாங்களே அமைத்து அதில் ஊருக்கு வேண்டியதைச் சொல்லிவிடுவார்கள்.

பெரிய கிருஷ்ணனாக வருபவருக்கு நல்ல குரல், நடையும் அளவாக இருக்கிறது. பழைய படங்களைப் பார்த்து அப்படியே முகத்தைக் கோணவில்லை, அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். பேச்சில்தான் இன்னும் உழைக்க வேண்டும். “என்னலே மக்கா” என்று ஆரம்பிக்கிறவர், வேகம் ஏறினதும் “இன்னாடா” என்று நம்ம ஊருக்கே வந்துவிடுகிறார். நாகர்கோவில்காரர் யாரையாவது உட்காரவைத்து நாலு நாள் பேசக் கேட்டால் சரியாகிவிடும்.

எனக்கு உண்மையான வருத்தம் இரண்டாம் பாதியில்தான். பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 கடைசியில் நடிகர் தியாகராஜ பாகவதரோடு கிருஷ்ணனும் கைதானார். வழக்கு அப்போதைய கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1947இல்தான் வெளியே வந்தார். மேடையில் அதற்கு ஒரே ஒரு பாட்டு, அப்புறம் விளக்கை அணைத்துப் போட்டால் விடுதலை! அந்த இரண்டு வருஷத்துக்கு மேல் வெளியே நின்று வழக்கையும் பார்த்து, நாடகக் குழுவையும் கட்டிக் காத்தவர் மதுரம். அந்த வேஷம் கட்டிய லேப் பெண் அருமையாகப் பாடுகிறார். அவருக்குத் தனியாக ஒரு காட்சிகூட இல்லை, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுவதோடு சரி. ஒரு முழுக் காட்சி எழுதிக் கொடுங்கள். அவர் தாங்குவார்.

இசை பெரும்பாலும் நேரில்தான். ஹார்மோனியம், மிருதங்கம், டோலக், கூடவே செய்யாறு பக்கத்துக் கூத்துக் குழுவிலிருந்து வந்த ஒரு முகவீணைக்காரர் (முகவீணை என்பது சின்ன நாதஸ்வரம் மாதிரி ஊதுகிற வாத்தியம்). பூனா ரயில் பயணத்தில் கிருஷ்ணனும் மதுரமும் பேசிப் பழகுகிற இடத்தில் அந்த முகவீணை மட்டும் தனியாகக் கேட்டது, இன்னும் காதில் இருக்கிறது. இப்படி ஆட்களை வைத்துக்கொண்டு, ஸ்டுடியோ காட்சிக்குப் பதிவு செய்த கீபோர்டு இசையை ஏன் போட்டார்கள் என்று புரியவில்லை.

கடைசியில் ‘கிந்தனார்’ காலட்சேபம். சிதம்பரம் பார்க்க ஏங்கிய நந்தனாரின் கதையைத் திருப்பி, பட்டணம் போய்ப் படிக்க ஏங்குகிற பையன் கதையாகக் கலைவாணர் சொன்னது. 1949இல் வந்த ‘நல்லதம்பி’ படத்திலும் உண்டு. இவர்கள் பழைய பாட்டைப் போடாமல் சொந்தமாக மெட்டுக் கட்டி, கட்டியக்காரனையே பின்பாட்டுப் பாட வைத்திருக்கிறார்கள். சோடா விற்ற அதே பையன் புத்தகப் பையோடு கிந்தனாக வந்து நிற்கிறான். அதோடு முடிக்கிறார்கள். 1957இல், 50 வயதுகூட ஆகாமல் அவர் போய்ச் சேர்ந்ததை மேடையில் காட்டவில்லை. அது சரியான முடிவு.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். ஏசி கிடையாது, இந்த வெயிலுக்கு ஒரு துண்டு எடுத்துப் போங்கள். ஃபேன் சத்தத்தில் பின் வரிசைக்கு வசனம் சரியாகக் கேட்காது. வலது பக்கத்தில் ஒரு தூண் மறைக்கும், நான் அங்கே உட்கார்ந்து பாதி நேரம் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே பார்த்தேன். இந்த ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு இன்னொரு ஆட்டம் இருக்கிறது. அம்மாவை அழைத்துப் போகிறேன், அவருடைய அப்பா கட்டின வேஷத்தை அவர் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். இடது பக்கம், மூன்றாவது வரிசை.