மகளை லண்டன் சிலபஸுக்கு மாத்தி நாங்க பட்ட பாடு (ஓ/எல் வருஷத்துப் பிள்ளை வச்சிருக்கிற ஆக்கள் ஒருக்கா வாசியுங்கோ)

ஸ்கூல் பேர் போடமாட்டன். இவரின்ட மச்சான் ஒராள் லோயர், பேர் போட்டா அவை உங்களிலதான் கேஸ் போடுவினம் எண்டு சொல்லிப்போட்டார். கொழும்புக்குள்ள இருக்கிற ஒரு இன்டர்நெஷனல் ஸ்கூல் எண்டு மட்டும் வையுங்கோ. லண்டன் சிலபஸ் எண்டா இங்கிலீஷில படிச்சு இங்கிலாந்துச் சோதினை எழுதுறது, லோக்கல் எண்டா எங்கட அரசாங்கச் சோதினை.

மகள் வெள்ளவத்தையில இருந்து பஸ்ஸில போய்வாற தூரத்தில ஒரு தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில 2024ல 11ம் வகுப்பு. நாங்க படிக்கேக்க ஓ/எல் (11ம் வகுப்பு முடிவில வாற சாதாரண தரச் சோதினை) எண்டா டிசம்பர், அதில மாற்றமே இல்லை. கொரோனாவோட எல்லாம் குழம்பிப்போச்சு, 2021ம் ஆண்டுச் சோதினை 2022 மேயில, 2022க்குரியது 2023 மேயில, 2023க்குரியது 2024 மேயில எண்டு இழுபட்டுக்கொண்டே வர, இவளின்ட சோதினை எப்பவோ, ஏ/எல் (உயர்தரம்) எப்ப தொடங்கி எப்ப முடியுமோ எண்டு எனக்கு நித்திரையே இல்லை. அந்த நேரம் பாத்து பக்கத்து பிளாட் அன்ரி ஒரு நம்பர் தந்தவ.

போனம். ஏசி ரூம், கோர்டினேட்டர் மிஸ் நல்லாக் கதைச்சவ, அதையும் சொல்லத்தான் வேணும். "அம்மா, லோக்கல்ல 9 பாடம், எங்களிட்ட 6 போதும், மே ஜூன் எண்டா மே ஜூன்தான், டேட் மாறாது, ஒன்பது மாசம் காணும் அம்மா, பிள்ளை பெறவே அவ்வளவுதானே" எண்டு சொல்லிச் சிரிச்சவ. நானும் சேர்ந்து சிரிச்சனான்! அவ சொன்னதில டேட் கதை உண்மைதான், அதாலதான் மற்றதும் உண்மையா இருக்கும் எண்டு நம்பினது. ஃபீஸைப் பற்றி அரை மணித்தியாலம் கேட்டம், வேன் வருமா எண்டு கேட்டம், கன்டீன்ல மரக்கறிச் சாப்பாடு இருக்கோ எண்டுகூடக் கேட்டம். பிள்ளை எந்த சென்டர்ல, ஆரின்ட ரெஜிஸ்ட்ரேஷன்ல சோதினை எழுதப்போறா எண்டு கேக்கேல்ல. கேக்கவேணும் எண்டே தெரியாது.

அட்மிஷன் 250,000, திருப்பித் தாற டெபாசிட் எண்டு 50,000, தவணைக்கு 165,000. அதுவரைக்கும் அரசாங்கம் இலவசமாத் தந்த புத்தகத்தில படிச்ச பிள்ளை.

பழைய பள்ளிக்கூடத்தில லீவிங் சேர்ட்டிபிகட் கேக்கப் போகேக்க அதிபர் பேனையைக் கீழ வச்சிட்டு, "இன்னும் கொஞ்ச மாசம்தானே, சோதினையை எழுதிட்டுப் போகட்டுமே" எண்டவ. ரெண்டு தரம் சொன்னவ. பிள்ளையைப் பிடிச்சு வைக்கப் பாக்கிறா எண்டுதான் நான் நினைச்சது. இப்பவும் கோல் ரோட்டில அவவைக் கண்டா மற்றப் பக்கம் பாத்துக்கொண்டுதான் நடக்கிறன்.

ஆகஸ்ட்ல புது ஸ்கூல். மகள் சயன்ஸில எப்பவும் 80க்கு மேல எடுக்கிறவள். அங்க மிஸ் மொமென்டம் எண்டா இவள் முழிக்கிறாள், உந்தம் எண்டிருந்தா கணக்கே செய்து குடுத்திருப்பாள். ஃபோட்டோசிந்தசிஸ் பக்கத்தில பென்சிலால ஒளித்தொகுப்பு, பிரஷருக்குப் பக்கத்தில அமுக்கம், மைட்டோகொன்ட்ரியாவுக்கு இழைமணி எண்டு புத்தகம் முழுக்க எழுதி வச்சிருந்தாள், ராவில பாத்தனான், எனக்கு நெஞ்சு ஒரு மாதிரிப் போச்சு. அதுக்கு பிரிட்ஜிங் கிளாஸ் எண்டு ஒண்டு சொன்னவை, மொத்தம் நாலு நாள் நடந்தது. பிறகு சேர் வேற ஸ்கூலுக்குப் போயிட்டாராம். சரி, பாஷைப் பிரச்சினை, போகப்போகச் சரிவரும் எண்டு இருந்தம்.

2025 ஜனவரியில எக்ஸாம் ஃபீஸ் எண்டு 6 பாடத்துக்கு 2 லட்சத்துக்கு மேல கட்டினம். கட்டினதுக்கு ஸ்கூல் பேர் அடிச்ச ஒரு துண்டு ரசீது, வேற ஒண்டுமில்லை. நான் ஒஃபிஸில சும்மா கதைக்கேக்கதான் ஒரு பிள்ளை சொன்னவ, "அக்கா, ஸ்டேட்மன்ட் ஒஃப் என்ட்ரி எண்டு ஒரு பேப்பர் வரும், பாடம், பேப்பர் கோட், டேட் எல்லாம் அதில இருக்கும், அதை வாங்கிப் பாருங்கோ". கேட்டன். அடுத்த கிழமை எண்டினம். பிறகு சிஸ்டம் டவுன். பிறகு கோர்டினேட்டர் மிஸ் லீவ். வட்ஸ்அப்பில நீல டிக் விழும், பதில் வராது.

மார்ச் 17, லோக்கல் ஓ/எல் தொடங்கின நாள். இவளோட படிச்ச பிள்ளையள் வெள்ளைச் சட்டையோட காலமை பஸ்ஸுக்கு நிக்கினம், இவள் ஜன்னலடியில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டாள், நான் தேத்தண்ணியை வச்சிட்டு வந்திட்டன்.

அந்த ஸ்டேட்மன்ட் ஒஃப் என்ட்ரி ஏப்ரல்லதான் கையில வந்தது. மகள்தான் கண்டவள். மேத்ஸுக்கு நேர 4எம்ஏ1, அதுக்குக் கீழ 1எஃப், 2எஃப். "அம்மா, இது ஹையர் எண்டா எச் எண்டெல்லோ இருக்கவேணும்" எண்டு விரலை அந்த எஃப்பில வச்சபடி எடுக்காமலே நிண்டாள். தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன், எடெக்ஸல் ஐஜிசிஎஸ்ஈ (அதான் லண்டன் ஓ/எல்) மேத்ஸில ஃபவுண்டேஷன், ஹையர் எண்டு ரெண்டு டியர் (மட்டம்) இருக்கு. ஃபவுண்டேஷன்ல பிள்ளை எல்லாக் கணக்கும் சரியாச் செய்தாலும் 5க்கு மேல கிரேட் இல்லை, 9 வரைக்கும் போறதெண்டா ஹையர்தான் எழுதவேணும். எங்களிட்ட ஒரு சொல் கேக்கேல்ல. ஃபிசிக்ஸ் பாடம் அந்த ஸ்டேட்மன்ட்ல இல்லவே இல்லை, காசு மட்டும் வாங்கியிருக்கினம். சென்டர் பேரும் வேற! இந்த ஸ்கூல் எக்ஸாம் சென்டரே இல்லையாம், பிள்ளையளை வேற இடத்தில பிரைவேட் கேண்டிடேட்டாத்தான் போடுறவையாம்.

ஓடிப்போய்க் கேட்டா, "டெஸ்ட் மார்க்ஸைப் பாத்து சேஃபாப் போட்டனாங்கள் அம்மா" எண்டா. இங்கிலீஷில கேள்வி விளங்காமல் எடுத்த மார்க்ஸ் அது! மாத்தலாம், லேட் ஃபீஸ் நீங்கதான் கட்டவேணும் எண்டினம். கட்டினம். ஃபிசிக்ஸுக்கு நேரம் போயிட்டுது, ஏலாதெண்டிட்டினம், அந்தக் காசும் இண்டுவரைக்கும் இல்லை. ஹையருக்கு மாத்தினாப்போல ஆர் படிப்பிச்சது? அதில டிஃபரன்சியேஷன் வருது, லோக்கல்ல ஏ/எல் இணைந்த கணிதத்தில வாற வகையீடு. மூண்டு கிழமை பம்பலப்பிட்டியில ஒரு சேரிட்ட தனி டியூஷன். பாவம், பிள்ளை ஏலுமானதைச் செய்தவள். ஆகஸ்ட்ல றிசல்ட், மேத்ஸ் 4. அதோட ஏ/எல்லுக்கு மேத்ஸ் தரமாட்டம், ஆகக் குறைஞ்சது 6 வேணும் எண்டு சொன்னது ஆரெண்டு நினைக்கிறீங்க? அதே ஸ்கூல்தான்.

பழைய பள்ளிக்கூடத்துக்குத் திரும்பலாம் எண்டா இவளின்ட பச் சோதினை எழுதி முடிஞ்சுது. அதால இப்ப தனிப்பட்ட விண்ணப்பதாரியா லோக்கல் ஓ/எல் எழுதப்போறாள். திரும்பவும் 9 பாடம், விட்ட சைவசமயம், விட்ட வரலாறு. புத்தகமெல்லாம் கீழ் பிளாட் பிள்ளைக்குக் குடுத்திட்டம், போய் இரவலாக் கேட்டு வாங்கினன், முதல் பக்கத்தில இவளின்ட பேரை வெட்டிட்டு அந்தப் பிள்ளையின்ட பேர். ஐடென்டிட்டி கார்ட்டும் பள்ளிக்கூடத்தால போடுற நேரத்தில மாறினதால கிராம சேவகரிட்ட நாங்களே அலைஞ்சு எடுத்தது.

முறைப்பாடு செய்வம் எண்டா மச்சான் சொன்னார், இந்த ஸ்கூல்கள் கம்பெனிச் சட்டத்தில பதிஞ்ச கம்பெனியள், அரசாங்கப் பள்ளிக்கூடம் மாதிரி கல்வி அமைச்சுக்குக் கீழ இல்லை எண்டு. எத்தினை பேருக்கு இது தெரியும்? எனக்குத் தெரியாது, 20 வருஷமாக் கொழும்பில இருக்கிறன்.

எல்லா இன்டர்நெஷனல் ஸ்கூலும் இப்பிடியில்லை, அண்ணையின்ட மகன் ஒண்டில சின்ன வகுப்பில இருந்து படிச்சு நல்லா வந்தவன். சின்னனில மாத்துறது வேற, 11ல மாத்துறது வேற. எங்களை மாதிரி யோசிக்கிற ஆக்கள் இருந்தா லோக்கல் ஓ/எல்லை எழுதவிட்டிட்டு மாத்துங்கோ, மற்றது அரசாங்க கம்பஸ் எண்ணம் இருந்தா அதுக்கு எடுக்க இசட் ஸ்கோர் பாக்கிறது லோக்கல் ஏ/எல்லுக்குத்தான் எண்டதையும் மறக்காதேங்கோ. கட்டாயம் இப்பவே மாத்தத்தான் வேணுமெண்டா சென்டர் பேரையும் எந்தப் பாடம் எந்த டியர் எண்டதையும் காசு கட்ட முதல் எழுத்தில வாங்குங்கோ, வாயால சொன்னா எழும்பி வந்திடுங்கோ. ஸ்டேட்மன்ட் ஒஃப் என்ட்ரியை டெட்லைனுக்கு முதல் கண்ணால பாருங்கோ.

நாங்க பாவனையாளர் அதிகாரசபைக்கு 1977 எண்ட நம்பருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறம், எழுத்திலயும் குடுத்தாச்சு. அந்த 50,000 டெபாசிட்டைத் திருப்பித் தரச்சொன்னா ஒறிஜினல் ரசீது வேணுமாம். அது சேரேக்க அவையே வாங்கி ஃபைலில ஸ்டேப்ளர் அடிச்சு வச்சது. ஃபைலைக் காட்டச் சொன்னா, கோர்டினேட்டர் மிஸ் லீவாம்.